ஒரே கணினியில் எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க்: எதில் எதை வைக்க வேண்டும்?

புது தில்லி: பொத்தானை அழுத்தி மூன்று, நான்கு நிமிடங்கள் கடந்த பின்னரே பணிக்குத் தயாராகும் பழைய கணினிகள் நம் நாட்டின் இல்லங்களிலும், சிறு அலுவலகங்களிலும், ஜெராக்ஸ் கடைகளிலும் இன்னும் பயன்பாட்டில் உள்ளன. இந்தத் தாமதத்துக்குச் செயலியின் வயதைவிட, உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க்கே பல நேரங்களில் பெரிய காரணமாக இருக்கிறது. அதனை அகற்றாமல், அதன் அருகிலேயே சிறிய கொள்ளளவு கொண்ட ஓர் எஸ்எஸ்டியைப் பொருத்தி, இரண்டுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தால் கணினியின் வேகம் வெகுவாகக் கூடும்.

பொருத்துவது எளிது. பிரித்துக் கொடுப்பதில்தான் கவனம் தேவை. கணினியில் இரண்டு சேமிப்பகங்கள் இருப்பதாலேயே புகைப்படங்களும் ஆவணங்களும் பத்திரமாகிவிட்டன என்று எண்ணி, பின்னர் அவற்றை மொத்தமாக இழப்போரும் உண்டு. எதை எஸ்எஸ்டியில் வைப்பது, எதை ஹார்டு டிஸ்க்கில் வைப்பது, எதை இரண்டிலும் வைப்பது என்பதை விரிவாகக் காணலாம்.

வேகம் எங்கிருந்து வருகிறது?

ஹார்டு டிஸ்க் அடிப்படையில் ஓர் இயந்திரம். காந்தப்பூச்சு கொண்ட தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, மெல்லிய கை ஒன்று அவற்றின் மீது முன்னும் பின்னும் நகர்ந்து தரவுகளைப் படிக்கிறது. 1956-ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குல விட்டம் கொண்ட 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து சுமார் 50 லட்சம் எழுத்துகளை மட்டுமே தாங்கின. இன்று அதைப் போலப் பல லட்சம் மடங்கு தரவு ஒரு கைக்குள் அடங்கிவிடுகிறது. எனினும், தட்டு சுழல வேண்டும், கை நகர வேண்டும் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

இங்குதான் காலம் வீணாகிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லி விநாடி ஆகும். தேவையான இடம் கைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். கை உரிய தடத்துக்கு நகர மேலும் 8 அல்லது 9 மில்லி விநாடி. ஆக, ஒரு சிறு துண்டுத் தரவை எடுக்க ஏறத்தாழ 12 மில்லி விநாடி செலவாகிறது. விநாடிக்கு 80 துண்டுகள் என்பதே அதன் எல்லை. மடிக்கணினிகளில் உள்ள 5,400 சுழற்சி ஹார்டு டிஸ்க்குகளில் இது 60-க்கும் கீழே இறங்கும்.

இயங்குதளம் தொடங்கும்போது பல இடங்களில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கிறது. அவ்வாறு 10,000 துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டும் எனக் கொண்டால், ஹார்டு டிஸ்க்குக்கு 2 நிமிடங்கள் ஆகும். எஸ்எஸ்டியில் ஒரு துண்டை எடுக்க ஆகும் நேரம் சுமார் 0.1 மில்லி விநாடி. அதே வேலை அங்கு ஒரு விநாடியில் முடிந்துவிடும். நடைமுறையில் இயங்குதளம் சில கோப்புகளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வதால் வேறுபாடு இவ்வளவு கூர்மையாகத் தெரியாது. ஆயினும், எஸ்எஸ்டி பொருத்திய பழைய கணினி ஏன் புதியது போல் தோன்றுகிறது என்பதற்கான விடை இக்கணக்கில்தான் உள்ளது.

எஸ்எஸ்டியில் சுழல்வதற்கோ நகர்வதற்கோ எதுவும் இல்லை. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980-களில் கண்டறிந்த ஃபிளாஷ் நினைவகத்தின் வழிவந்த சில்லுகளில், தரவுகள் மின்னூட்டமாகத் தேக்கி வைக்கப்படுகின்றன. எந்த மூலையில் இருந்தாலும் அவற்றை எடுக்க ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றே.

ஹார்டு டிஸ்க்கை ஏன் விட்டுவிடக் கூடாது?

அப்படியானால் முழுவதையும் எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடலாமே என்ற கேள்வி எழும். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் மாற்றலாம். ஆனால் ஒரே கொள்ளளவுக்கு எஸ்எஸ்டியின் விலை ஹார்டு டிஸ்க்கின் விலையைவிட அதிகம். கொள்ளளவு பெருகப் பெருக அந்த இடைவெளி விரிகிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலையும் ஏறத் தொடங்கியது. 2 டிபி எஸ்எஸ்டிக்காகக் காத்திருப்பதைவிட, 250 அல்லது 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, ஏற்கெனவே உள்ள ஹார்டு டிஸ்க்குடன் சேர்த்துப் பயன்படுத்துவது பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருத்தமாக இருக்கும்.

மேலும், எல்லாக் கோப்புகளுக்கும் வேகம் தேவைப்படுவதில்லை. 4கே தரத்தில் இணையவழி ஒளிபரப்பாகும் திரைப்படம் ஒன்றை ஓட்ட விநாடிக்குச் சுமார் 3 எம்பி தரவு போதும். தொடர்ச்சியாகப் படிக்கும்போது சாதாரண ஹார்டு டிஸ்க்கே விநாடிக்கு 100 எம்பிக்கு மேல் தரும். திருமண வீடியோவையோ, பத்தாண்டுப் புகைப்படங்களையோ எஸ்எஸ்டியில் வைப்பதால் அவை மேலும் தெளிவாகத் தெரியப்போவதில்லை. இடம்தான் நிரம்பும்.

எந்த எஸ்எஸ்டி பொருந்தும்?

பழைய கணினிகளுக்கு 2.5 அங்குல அளவுள்ள சாட்டா வகை எஸ்எஸ்டி ஏற்றது. அதன் வேகம் விநாடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். புதிய மதர்போர்டுகளில் உள்ள எம்.2 இணைப்பில் என்விஎம்இ வகையைப் பொருத்தினால், பிசிஐஇ மூன்றாம் தலைமுறையில் 3,500 எம்பி, நான்காம் தலைமுறையில் 7,000 எம்பி வரை எட்டும். விளம்பரங்களில் இந்த எண்களே பெரிதாக அச்சிடப்படுகின்றன. ஆனால் ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது கண்கூடாகத் தெரியும் மாற்றம், சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது அன்றாடப் பணிகளில் அவ்வளவாகத் தெரிவதில்லை. கடிதம் தட்டச்சு செய்வோரும் இணையம் பார்ப்போரும் இதற்காகக் கூடுதல் பணம் செலவிடத் தேவையில்லை.

எம்.2 என்பது இணைப்பின் வடிவத்தை மட்டுமே குறிக்கும். அந்த வடிவில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. சில மதர்போர்டுகள் இரண்டில் ஒன்றையே ஏற்கும். வேறு சிலவற்றில் எம்.2 இணைப்பைப் பயன்படுத்தினால் சாட்டா இணைப்புகளில் ஒன்றிரண்டு செயலிழந்துவிடும். எஸ்எஸ்டியைப் பொருத்திய பிறகு ஹார்டு டிஸ்க் காணாமல் போனதாகப் பதறுவோர், முதலில் ஹார்டு டிஸ்க்கின் கேபிளை வேறு சாட்டா இணைப்பில் மாற்றிப் பார்க்க வேண்டும். வாங்குவதற்கு முன் மதர்போர்டின் கையேட்டைப் புரட்டிவிடுவது நல்லது.

மடிக்கணினியில் டிவிடி டிரைவ் இருந்தால் அதனைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேடி எனப்படும் சட்டகத்தின் உதவியுடன் இரண்டாவது டிஸ்க்கைப் பொருத்தலாம். இச்சட்டகம் 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என இரு தடிமன்களில் கிடைக்கிறது. அளந்து வாங்க வேண்டும். பழைய மடிக்கணினிகள் சிலவற்றில் டிவிடி இணைப்பின் வேகம் குறைவு என்பதால், எஸ்எஸ்டியை முதன்மை இடத்திலும் ஹார்டு டிஸ்க்கைச் சட்டகத்திலும் வைப்பதே சரி.

பொருத்தும் முன்பும் பின்பும்

கணினியைத் திறப்பதற்கு முன், இழக்க முடியாத கோப்புகள் அனைத்தையும் வெளிப்புற ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துவிட வேண்டும். பிட்லாக்கர் குறியாக்கம் இயக்கத்தில் உள்ளதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். இருந்தால் அதன் மீட்புச் சாவியை, அதாவது 48 இலக்க எண்ணைத் தாளில் குறித்து வைக்க வேண்டும். புதிய இயங்குதளத்திலிருந்து பழைய டிஸ்க்கைத் திறக்க முயலும்போது அந்த எண் கேட்கப்படலாம். அது இல்லாவிட்டால் தரவுகள் கண்முன்னே இருந்தும் திறக்க இயலாத நிலை ஏற்படும்.

பெரும்பாலான 2.5 அங்குல எஸ்எஸ்டிகளுடன் கேபிள் வருவதில்லை. மேசைக் கணினி வைத்திருப்போர் சாட்டா தரவுக் கேபிள் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். மின் இணைப்பைத் துண்டித்த பின், தொடக்கப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றிவிட்டுப் பணியைத் தொடங்கலாம்.

இதற்குப் பின் இரண்டு வழிகள் உள்ளன. பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே எஸ்எஸ்டிக்குப் பிரதி எடுப்பது ஒன்று. விண்டோஸைப் புதிதாக நிறுவுவது மற்றொன்று. பழைய டிஸ்க்கில் 600 ஜிபி தரவு இருந்து, எஸ்எஸ்டி 250 ஜிபியாக இருந்தால், இடத்தைக் குறைக்காமல் பிரதி எடுக்க இயலாது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த தேவையற்ற மென்பொருள்களும் அதனுடன் வந்து சேரும். நேரம் கிடைக்குமானால் புதிதாக நிறுவுவதே சிறந்தது.

புதிதாக நிறுவும்போது ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இதைப் பலர் தவிர்த்துவிடுகின்றனர். இரண்டு டிஸ்க்குகளும் இணைந்திருந்தால், விண்டோஸ் தன்னை எஸ்எஸ்டியில் நிறுவிக்கொண்டு, கணினியைத் தொடக்கிவைக்கும் சிறு பகுதியை மட்டும் பழைய ஹார்டு டிஸ்க்கில் எழுதிவிடக்கூடும். எல்லாம் நன்றாக இயங்குவதாகவே தோன்றும். ஓராண்டுக்குப் பின் ஹார்டு டிஸ்க் பழுதாகும் நாளில், எஸ்எஸ்டியில் எந்தக் குறையும் இல்லாதபோதும் கணினி தொடங்க மறுக்கும். எஸ்எஸ்டி மட்டும் இணைந்த நிலையில் நிறுவி, ஒருமுறை தொடங்கிப் பார்த்த பின் ஹார்டு டிஸ்க்கை இணைத்தால் இச்சிக்கல் எழாது. தொடக்க வரிசையில் எஸ்எஸ்டி முதலிடத்தில் உள்ளதா என்பதை பயாஸ் அமைப்பில் உறுதி செய்துகொள்ளலாம்.

மீண்டும் இணைத்த பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும் என்று திரையில் செய்தி தோன்றினால், அதனை ஏற்கக் கூடாது. ஏற்றால் தரவுகள் அழியும். கணினியை நிறுத்திவிட்டு, கேபிள் சரியாகப் பொருந்தியுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

எதற்கு எந்த இடம்?

இயங்குதளம், மென்பொருள்கள், உலாவி, தற்போது கையாளும் ஆவணங்கள் ஆகியவை எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும். திரைப்படங்கள், பாடல்கள், முடிந்துபோன பணிகளின் கோப்புகள், மென்பொருள் நிறுவும் கோப்புகள் ஆகியவை ஹார்டு டிஸ்க்குக்கு உரியவை. கணினி விளையாட்டுகளில் அடிக்கடி ஆடுபவற்றை எஸ்எஸ்டியிலும் மற்றவற்றை ஹார்டு டிஸ்க்கிலும் வைக்கலாம். வீடியோ தொகுப்போர், தொகுத்து முடியும் வரை கோப்புகளை எஸ்எஸ்டியில் வைத்திருந்து, பின்னர் ஹார்டு டிஸ்க்குக்கு நகர்த்துவது வழக்கம்.

படங்கள், வீடியோக்கள் போன்ற கோப்புறைகளை மாற்ற, அவற்றின் மீது வலப்பக்கச் சொடுக்கு செய்து, பண்புகள் பகுதியில் இடம் என்ற பிரிவில் புதிய டிரைவைத் தேர்வு செய்தால் போதும். உலாவியின் பதிவிறக்க இடத்தையும் அதன் அமைப்புகளில் மாற்றிவிடலாம். மென்பொருள்கள் நிறுவப்பட்ட கோப்புறைகளை மட்டும் வெட்டி ஒட்டக் கூடாது. அவை இயங்காமல் போகும்.

எஸ்எஸ்டியை விளிம்பு வரை நிரப்பினால் அதன் எழுதும் வேகம் குறையும். பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை காலியாக விடுவது நல்லது. 500 ஜிபி என்று வாங்கியதைக் கணினி 465 ஜிபி என்று காட்டும்போது ஏமாற்றப்பட்டதாகக் கருத வேண்டாம். தயாரிப்பாளர்கள் 1,000 என்ற மடங்கிலும் விண்டோஸ் 1,024 என்ற மடங்கிலும் கணக்கிடுவதே அதற்குக் காரணம்.

காலாவதியான சில அறிவுரைகள்

எஸ்எஸ்டியில் எழுத எழுத அது தேய்ந்துவிடும். ஆகவே விண்டோஸின் பேஜ் ஃபைலையும் உலாவியின் தற்காலிகக் கோப்புகளையும் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும் என்ற அறிவுரை இன்றும் சுற்றிவருகிறது. சில்லுகள் தேய்வது உண்மை. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்கு 150 டிபி வரை எழுதலாம் என்று தயாரிப்பாளர் உறுதியளித்திருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் அந்த எல்லையை எட்ட 20 ஆண்டுகள் ஆகும். அதற்கு முன் கணினியின் மற்ற பாகங்கள் ஓய்வு பெற்றுவிடும். பேஜ் ஃபைலை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றினால், எந்த வேகத்துக்காக எஸ்எஸ்டி வாங்கப்பட்டதோ அதுவே பறிபோகும்.

டிஃப்ராக் எனப்படும் ஒழுங்குபடுத்தும் பணி ஹார்டு டிஸ்க்குக்குப் பயன் தரும், எஸ்எஸ்டிக்குத் தேவையில்லை. விண்டோஸின் அண்மைய பதிப்புகள் இவ்வேறுபாட்டை அறிந்து, எஸ்எஸ்டிக்கு டிரிம் என்ற வேறு பணியைத் தாமே செய்கின்றன. அதனை நிறுத்தாமல் விட்டுவிட்டாலே போதும்.

இரண்டையும் ஒன்றாக்கி ஒரே பெரிய டிரைவாகக் காட்டும் வசதிகளும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2012-இல் ஃபியூஷன் டிரைவ் என்ற பெயரில் இதனை அறிமுகப்படுத்தியது. எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதை இயங்குதளமே முடிவு செய்தது. வசதியான ஏற்பாடுதான். ஆனால் இரண்டில் ஒன்று பழுதானால் முழுத் தொகுப்பும் போய்விடும். விண்டோஸில் இரு டிஸ்க்குகளை இணைத்து ஒரே பகுதியாக்கினாலும் அதே ஆபத்து உண்டு. சி டிரைவ், டி டிரைவ் என்று தனித்தனியே வைத்திருப்பது பழைய பாணியாகத் தோன்றலாம். ஆயினும் அதுவே பாதுகாப்பானது.

இரண்டு டிஸ்க், ஒரே பிரதி

டி டிரைவுக்கு நகர்த்தப்பட்ட குழந்தையின் புகைப்படங்கள் அங்கு மட்டுமே இருந்தால், அவை முன்பிருந்த அதே ஆபத்தில்தான் உள்ளன. சொல்லப்போனால் ஆபத்து சற்றுக் கூடுதல். ஏனெனில் இருக்கும் இரண்டில் வயதானது அந்த ஹார்டு டிஸ்க். லட்சக்கணக்கான ஹார்டு டிஸ்க்குகளை இயக்கிவரும் அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம் வெளியிட்ட கணக்குப்படி, 2024-இல் அதன் டிஸ்க்குகளில் பழுதானவை ஏறத்தாழ 1.6 விழுக்காடு. குளிரூட்டப்பட்ட, மின்தடை இல்லாத தரவு மையத்தின் நிலை அது. மின்னழுத்தம் ஏறி இறங்கும், யுபிஎஸ் இல்லாத ஒரு வீட்டில் உள்ள பத்தாண்டுப் பழைய டிஸ்க்குக்கு அதைவிட மோசமாகவே எதிர்பார்க்க வேண்டும்.

இரண்டும் பழுதாகும் விதமும் வேறு. ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் முன்னறிவிப்பு தரும். டிக், டிக் என்ற ஓசை எழும். கோப்புகள் திறக்க வெகுநேரம் ஆகும். எஸ்எஸ்டி பல நேரங்களில் எந்த அடையாளமும் காட்டாமல், ஒரு காலையில் கணினிக்குத் தெரியாமலே போய்விடும். தவறுதலாக அழித்த கோப்பை ஹார்டு டிஸ்க்கிலிருந்து மீட்டெடுக்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் டிரிம் பணி நடந்துவிட்டால் அந்த வாய்ப்பு ஏறத்தாழ இல்லை.

ஆகவே, இரண்டாவது டிஸ்க்கின் மிகச் சிறந்த பயன் நகல் வைப்பதே. எஸ்எஸ்டியில் உள்ள ஆவணங்களை விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி வசதி தானாகவே ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்துக்கொண்டிருக்கும். ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். கல்லூரி ஆய்வேடு எழுதும் மாணவருக்கும், வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி கணக்குகளைக் கையாளும் சிறு அலுவலகத்துக்கும் இந்த ஒரு வசதிக்காகவே பழைய டிஸ்க்கை வைத்திருக்கலாம்.

ஆனாலும், ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்குகளும் ஒரே மின்வழங்கியை நம்பியுள்ளன. இடி மின்னலோ, திருட்டோ, தண்ணீரோ வந்தால் இரண்டும் சேர்ந்தே பாதிக்கப்படும். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் நிரல்கள், இணைந்திருக்கும் எல்லா டிரைவுகளையும் தாக்கும். இழக்க முடியாதவற்றுக்கு மூன்றாவது பிரதி ஒன்று கணினிக்கு வெளியே, வெளிப்புற ஹார்டு டிஸ்க்கிலோ மேகச் சேமிப்பகத்திலோ இருக்க வேண்டும். வெளிப்புற டிஸ்க்கை நகலெடுக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் கழற்றி வைத்துவிட வேண்டும். இதற்கு எஸ்எஸ்டியைவிட ஹார்டு டிஸ்க் ஏற்றது. மின்சாரமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில், அதுவும் வெப்பமான அலமாரியில் கிடக்கும் தேய்ந்த எஸ்எஸ்டியில் மின்னூட்டம் மெல்லக் கசிந்து தரவு சிதைய வாய்ப்புள்ளது.

பழைய டிஸ்க் நம்பத்தக்கதா?

பழைய ஹார்டு டிஸ்க்கைத் தொடர்ந்து பயன்படுத்தும் முன் அதன் நிலையைச் சோதிக்க வேண்டும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதிவு செய்துவரும் குறிப்புகளைக் காட்டும். பழுதான பகுதிகளுக்குப் பதிலாக மாற்றப்பட்டவற்றின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டிருந்தால், அந்த டிஸ்க்கில் பாடல்களைத் தவிர வேறெதையும் வைக்க வேண்டாம். எஸ்எஸ்டிக்கும் இதே சோதனையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை செய்யலாம்.

ஹார்டு டிஸ்க்கில் எஞ்சியிருக்கும் பழைய விண்டோஸை உடனே அழிக்கத் தேவையில்லை. புதிய அமைப்பு இரண்டு வாரங்கள் தடையின்றி இயங்கிய பின், மறந்துபோன கோப்பு எதுவும் அங்கில்லை என்று பார்த்துவிட்டு அழிக்கலாம்.

எஸ்எஸ்டியால் தீராத சிக்கல் ஒன்றும் உண்டு. விண்டோஸ் 10 பதிப்புக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், அந்நிறுவனத்தின் பட்டியலில் உள்ள செயலியும் தேவை. எஸ்எஸ்டி பொருத்துவதால் இந்தத் தகுதி வந்துவிடாது. அத்தகைய கணினி வைத்திருப்போர் லினக்ஸ் இயங்குதளத்தைப் பரிசீலிக்கலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், உபுண்டு உள்ளிட்டவை இலவசமாகவே கிடைக்கின்றன. எஸ்எஸ்டி வாங்கக் கடைக்குச் செல்லும் முன், தங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெற்றதா என்பதை மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் செயலியில் சோதித்துவிட்டால், எந்த இயங்குதளத்தை நிறுவுவது என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.